உன் பேருக்கு ஒரு எடம்

ஒருவர் நம்மை விரும்புகிறாரோ என்ற சந்தேகம் ஒரு முறை வந்துவிட்டால் போதும், அதன் பிறகு அவர் தும்மினால்கூட அதில் நமக்கு ஒரு சேதி இருக்கும். என் இருபத்தாறாவது வயதில் நான் அப்படி ஒருவனுடைய தும்மல்களுக்கு அர்த்தம் தேடிக்கொண்டிருந்தேன். அவன் பெயர் தியாகு. அவனுக்கு ஏற்கெனவே நிச்சயம் ஆகியிருந்தது, பெண்ணுக்கு ஊர் சித்தியவான். இந்த விவரம் எனக்கு முதல் நாளிலிருந்தே தெரியும் என்பதையும் இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். (பிறகு யாரும் "பாவம், தெரியாம ஏமாந்துட்டா" என்று எனக்காக உருகக் கூடாது.)

ஈப்போவில் ஓர் அச்சுக்கடையில் நான் தமிழ் டைப் அடித்துக்கொண்டிருந்தேன். கல்யாணக் கார்டு, காதுகுத்துக் கார்டு, கோயில் திருவிழா நோட்டீஸ் எல்லாம் என் மேசையில்தான் பிறக்கும். முதலாளி சீனர், நாங்கள் தவுக்கே என்று கூப்பிடுவோம். அவருக்குத் தமிழ் ஓர் எழுத்தும் தெரியாது. பிள்ளையார் நேராக நிற்கிறாரா, தங்க நிற பார்டர் கோணலில்லாமல் வந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிட்டுத் தலையாட்டுவார். கடையிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு தமிழ் எழுத்துக்கும் நான் ஒருத்திதான் பொறுப்பு. அந்தப் பொறுப்பை எண்ணி அந்த நாளில் எனக்கு நிறையப் பெருமை இருந்தது.

தியாகு அதே கடையில் காகிதம் வெட்டும் மிஷினைப் பார்த்துக்கொண்டான், வேனும் ஓட்டினான். அவன் எல்லோரையும் "சாயாங்" என்று கூப்பிடுவான். மலாய்ச் சொல். செல்லம், கண்ணு, அன்பே என்றெல்லாம் அதற்குப் பொருள். இன்னொரு பொருளும் உண்டு, அச்சு தப்பிப்போன காகிதக் கட்டைப் பார்த்துத் தவுக்கே உச்சுக்கொட்டி "சாயாங்லா" என்பார். வீணாகப் போச்சே என்று அர்த்தம். நான் முதல் பொருளை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

நியாயமாகப் பார்த்தால் எல்லாமே என் கற்பனை இல்லை. எனக்குச் சீனி இல்லாத தேநீர்தான் பிடிக்கும் என்பதை அவன் கேட்காமலே தெரிந்து வைத்திருந்தான். நான் புதுச் சட்டை போட்டு வந்தால் கடையில் முதலில் கவனிப்பவன் அவன்தான். ஒரு நாள் மத்தியானம், காகிதக் கட்டு ஒன்றின் மேல் உட்கார்ந்து கறிபாப் பலகாரம் தின்றுகொண்டே, "ஒரு மூணு வருஷம் முன்னாடி நீ இந்தக் கடைக்கு வந்திருந்தா என் கதையே வேறலா, சாயாங்" என்றான். சொல்லிவிட்டு உதட்டில் ஒட்டியிருந்த துணுக்கைத் துடைத்துக்கொண்டு மிஷினுக்குப் போய்விட்டான். அவனுக்கு அத்தோடு அது முடிந்தது. நான் அன்று அடித்த காதுகுத்துக் கார்டில் குழந்தைக்கு மூன்று காது குத்துவதாக வந்தது. (நல்லவேளை, அதைப் பிழைதிருத்தும்போது பிடித்துவிட்டேன்.)

என் தங்கை சுமதியும் நானும் புந்தோங்கிலிருந்து ஒரே மோட்டார்சைக்கிளில் வேலைக்குப் போவோம். அவள் ஓட்டுவாள், நான் பின்னால் உட்கார்ந்து அவள் ஹெல்மெட்டுக்குள் என் ஆதாரங்களைக் கத்திக்கொண்டு வருவேன். தேநீர், சட்டை, மூன்று வருஷம். அவள் சிக்னலில் நிறுத்திவிட்டுத் திரும்புவாள்.

"அவன் லக்சா விக்கிற கெழவியையும் சாயாங்னுதான் கூப்பிடுறான். அவளுக்கும் பொண்ணு கேட்டு வருவானா?"

"அது வேற மாதிரி சாயாங்."

"எப்படி வேற?"

அவன் என்னைச் சொல்லும்போது கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுக்கிறான் என்றேன். லக்சா நூடுல்ஸ் விற்கும் அந்த அம்மாவுக்குக் காது மந்தம், அதனால் அவரிடம் இன்னும் அதிகமாகவே இழுக்கிறான் என்றாள் அவள். (தங்கைகளிடம் ஆதாரம் காட்டக் கூடாது.)

இதில் எனக்கு உள்ளூர இருந்த கலக்கத்தையும் சொல்ல வேண்டும். யோகேஸ்வரியை, அதாவது சித்தியவான் பெண்ணை, நான் இரண்டு முறை பார்த்திருந்தேன். தியாகுவைப் பார்க்கக் கடைக்கு வந்தவள் எனக்கும் சேர்த்து ஒரு பை மங்குஸ்தான் கொண்டுவந்து தந்தாள். பாலர்பள்ளி ஆசிரியை. நிதானமாகப் பேசுவாள். அவளைப் பிடிக்கவில்லை என்று சொல்ல எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை, தேடியும் கிடைக்கவில்லை. தியாகு என்னை விரும்பினால் அந்தப் பெண்ணின் வாழ்க்கை கெடும். விரும்பாவிட்டால் நான் மடச்சி. இரண்டில் எது நடந்தாலும் எனக்கு நல்லதில்லை என்று தெரிந்தும், எது உண்மை என்று தெரிந்துகொள்ளாமல் என்னால் இருக்க முடியவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் அவன் தன் கல்யாணக் கார்டுக்கான விவரங்களை ஒரு தாளில் எழுதிக்கொண்டுவந்து என் மேசையில் வைத்தான். மணமகன் பெயர், மணமகள் பெயர், இரண்டு பக்கத்துப் பெற்றோர், மண்டபம், முகூர்த்தம். நான் முகத்தை ஒரு மாதிரி வைத்துக்கொண்டு படித்தேன். அவன் குனிந்து, "கார்டுல உன் பேருக்கு ஒரு எடம் விட்டு வை" என்றான்.

"என் பேரா? எந்த எடத்துல?"

"அது ரகசியம். வர ஞாயித்துக்கெழம நீயும் என்கூட சித்தியவானுக்கு வா. எல்லாரு முன்னாடியும் உன்கிட்ட ஒண்ணு கேக்கணும். நீ மாட்டேன்னு மட்டும் சொல்லக்கூடாது, சாயாங்."

கல்யாணக் கார்டில் ஒரு பெண்ணின் பெயருக்கு இடம் விடு என்று மணமகன் சொன்னால் நீங்கள் என்ன நினைப்பீர்கள்? நிதானமான மனிதர்கள் விளக்கம் கேட்பார்கள். நான் கணினியில் அவன் கார்டை ஒழுங்காக அடித்து முடித்தேன். பிறகு மத்தியானம், எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், அதை இன்னொரு பிரதி எடுத்து, 'யோகேஸ்வரி' என்று இருந்த இடத்தில் என் பெயரை, 'கோமளா' என்று, அடித்துப் பார்த்தேன். எப்படி இருக்கிறது என்று பார்க்க மட்டும்தான். திருநிறைச்செல்வன் தியாகராஜன், திருநிறைச்செல்வி கோமளா. நன்றாகத்தான் இருந்தது. எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பார்த்தேன், இன்னும் நன்றாக இருந்தது. யாரோ படியேறும் சத்தம் கேட்டு அவசரமாக மூடினேன். மூடும்போது சேமிக்கவா என்று கணினி கேட்டது. நான் ஆமாம் என்றேன்.

மறுநாள் எனக்குக் காய்ச்சல். மருத்துவர் மூன்று நாள் விடுப்பு எழுதிக் கொடுத்தார். மனசுக்குள் இருந்ததுதான் காய்ச்சலாக வெளியே வந்தது என்று சுமதி இன்றைக்கும் சொல்வாள். அந்த மூன்று நாளில் தவுக்கே கார்டை அச்சடித்துவிட்டார். கணினியில் தியாகு பெயரில் இரண்டு கோப்புகள் இருந்திருக்கின்றன. கடைசியாகத் திருத்தியதுதான் சரியானது என்று எடுத்திருக்கிறார். அவர்மேல் தப்பே இல்லை, நான்தான் அவருக்கு அப்படிச் சொல்லிக் கொடுத்திருந்தேன். பிள்ளையார் நேராக நின்றார், பார்டர் கோணவில்லை. ஐந்நூறு கார்டு. தியாகு பொன்னிற மை மினுக்கம் நன்றாக வந்திருக்கிறது என்று மேல் அட்டையைத் தடவிப் பார்த்துவிட்டுப் பழுப்புத் தாளில் கட்டி வேனில் ஏற்றிவிட்டான். தன் கல்யாணக் கார்டைப் படித்துப் பார்க்காத ஒரே மாப்பிள்ளை அவனாகத்தான் இருப்பான்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் அரக்கு நிறப் புடவை கட்டிக்கொண்டேன். சுமதி வாசலில் நின்று என்னை மேலும் கீழும் பார்த்தாள்.

"நீ யாரு கல்யாணத்துக்குப் போற?"

"கார்டு குடுக்கத்தான் போறோம்."

"அதுக்கு இவ்ளோ பூவா?" என்று கேட்டுவிட்டு, பின்னால் வந்து பூவைச் சரியாகக் குத்திவிட்டாள். அவளுக்கும் கொஞ்சம் பயமாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

ஒரு காலத்தில் ரப்பர் தோட்டமாக இருந்த இடமெல்லாம் செம்பனையாகிவிட்ட சாலையில் வேன் போனது. தியாகு விசிலடித்துக்கொண்டு ஓட்டினான். நான் மடியில் கையை வைத்துக்கொண்டு, எல்லோர் முன்னாலும் அவன் கேட்கப்போகும் கேள்விக்குப் பதில் தயார் செய்தேன். பூத்தா ஊர் வரும்வரை பதில் "சரி" என்று இருந்தது. ஆயர் தாவார் தாண்டும்போது மங்குஸ்தான் பை ஞாபகம் வந்து "வேண்டாம் தியாகு, யோகேஸ்வரி நல்ல பொண்ணு" என்று மாறியது. அந்தத் தியாகத்தை நினைத்து எனக்கே கண் கலங்கியது. (என்னைப் பார்த்து நானே கண் கலங்கியது அதுதான் கடைசி என்று நினைக்கிறேன்.)

யோகேஸ்வரியின் பெற்றோர் தோட்டத்தை விட்டு வந்து வாங்கிய சின்னத் தொடர்வீடு அது. உள்ளே நுழைந்ததும் சாமி படத்துக்குக் கீழே ஒரு தட்டு இருந்தது. அதில் புடவை, வளையல், பூ, வெற்றிலை. யோகேஸ்வரிக்கு வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துப் பார்வையைத் திருப்பிக்கொண்டேன். அவளுடைய அம்மா என் கையைப் பிடித்து முன்வரிசையில் உட்காரவைத்து, "நீதானாம்மா அது, வா வா" என்றார். எனக்கு ஒன்றும் புரியவில்லை.

முதல் கார்டைச் சாமி முன்னால் வைப்பதற்காகக் கட்டைப் பிரித்தார்கள். யோகேஸ்வரியின் அம்மா நாலு மூலையிலும் மஞ்சள் தடவினார். அவளுடைய அப்பா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எழுந்து நின்றார். முன்பு தோட்டத்துக் கோயில் கமிட்டியில் செயலாளராக இருந்தவர், எதையும் ஒலிபெருக்கி முன் நிற்பதுபோல்தான் படிப்பார். நிகழும் மங்களகரமான என்று தொடங்கி, மணமகன் வீட்டாரைக் கடந்து, தம் பெயரையும் மனைவி பெயரையும் நிறுத்தி நிதானமாகச் சொல்லி, "தம்பதியரின் செல்வப் புதல்வி, திருநிறைச்செல்வி கோமளாவுக்கும்" என்று முழங்கினார். வேகத்தில் முகூர்த்த நேரத்தையும் படித்துவிட்டார். அதன் பிறகுதான் நின்றார்.

"கோமளாவா? எனக்குக் கோமளான்னு ஒரு மக இருக்கறது எனக்கே தெரியாதே."

யோகேஸ்வரியின் அம்மா மஞ்சள் கையோடு மெதுவாகக் கணவர் பக்கம் திரும்பினார். "யாருங்க கோமளா?" என்று கேட்ட குரலில் முப்பது வருஷக் கல்யாண வாழ்க்கையை அவர் மறுபடியும் முதலிலிருந்து யோசிப்பது தெரிந்தது. அந்த மனிதர் சாமி படத்தைக் காட்டிச் சத்தியம் செய்யத் தயாரானார். நான் கையில் தேநீர்க் கோப்பையோடு, அரக்குப் புடவையில், இத்தனை பூவோடு உட்கார்ந்திருந்தேன்.

தியாகு கார்டை வாங்கிப் பார்த்தான். ஒரு கணம் அவன் முகத்தில் ஒன்றும் இல்லை. அப்புறம் வாய்விட்டுச் சிரித்தான்.

"மாமா, கோமளா இவதான். நான் கீழ, மாப்பிள்ளைக்குத் தங்கச்சி வரிசையில, இவ பேருக்கு எடம் விடச் சொன்னேன். எங்க வீட்ல பொண்ணு இல்லைல, மூணாவது முடிச்சு இவதான் போடணும்னு கேக்கத்தான் இன்னைக்குக் கூட்டியாந்தேன். இவ பொண்ணு எடத்துல போட்டுட்டா."

எல்லோரும் சிரித்தார்கள். யோகேஸ்வரியின் அப்பாதான் அதிகம் சிரித்தார், தப்பித்த சிரிப்பு. தட்டில் இருந்த புடவை எனக்கு. நாத்தனாருக்கு வைத்த புடவை. தாலி கட்டும்போது முதல் இரண்டு முடிச்சை மாப்பிள்ளை போட, மூன்றாவதை அவனுடைய கூடப்பிறந்தவள் போடுவாள் அல்லவா, அந்தக் கூடப்பிறந்தவள் நான். உன் பேருக்கு ஒரு இடம் என்று அவன் சொன்ன இடம் அது. மரியாதையான இடம்தான், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அதனால்தான் எனக்கு அங்கேயே அழுகை வந்தது. கை தவறிவிட்டது என்றேன். காய்ச்சல் என்றேன். சந்தோஷத்தில் கண் கலங்குகிறாள் என்று யோகேஸ்வரியின் அம்மா என் கன்னத்தில் மஞ்சளைத் தடவினார்.

சிரிக்காமல் இருந்தவள் யோகேஸ்வரி மட்டும்தான். அவள் கார்டை நிதானமாகப் படித்து முடித்துவிட்டு, கோப்பைகளை எடுத்துவைக்க உதவுங்கள் என்று என்னைச் சமையலறைக்கு அழைத்துப்போனாள். குழாயைத் திறந்துவிட்டாள், தண்ணீர்ச் சத்தம் எங்கள் பேச்சை வெளியே கேட்காமல் மறைத்தது.

"நான் சின்னப் பிள்ளைங்களுக்கு எழுத்து சொல்லிக் குடுக்குறவ, கோமளா. கை தவறினா யோகேஸ்வரி யோகேஸ்வரா ஆவும். கோமளா ஆவாது."

மன்னித்துவிடுங்கள் என்றேன். அது மட்டும்தான் அன்று நான் சொன்ன உண்மையான வார்த்தை. அவள் ஒரு கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"ஒங்கள என்னான்னு கூப்பிடுவாரு?"

"சாயாங்னு."

"எல்லாரையும் அப்படித்தான். ஒரு தடவ வாய் தவறி எங்கம்மாவையே கூப்பிட்டுட்டாரு. என்னை மட்டும் யோகேஸ்னுதான் கூப்பிடுவாரு. மொதல்ல எனக்குக் கோவமாகூட இருந்துச்சு, எல்லாருக்கும் குடுக்குறாரு, எனக்கு மட்டும் இல்லையேன்னு. அப்புறம்தான் புரிஞ்சுச்சு."

அதைச் சொன்னபோது அவள் குரலில் வெற்றி இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும், அவளைப் பிடிக்காமல் போக ஒரு காரணமாவது கிடைத்திருக்கும். மாதக்கணக்கில் ஒரு சொல்லின் கடைசி எழுத்தை எவ்வளவு இழுக்கிறான் என்று அளந்துகொண்டிருந்தேன், எந்தப் பெண்ணிடம் அந்தச் சொல் வரவே இல்லை என்று நான் பார்க்கவில்லை.

"மூணாவது முடிச்சு நீங்கதான் போடணும். அவரு கேட்டாருன்னு இல்ல. நான் கேக்குறேன்" என்றாள். அவள் எனக்கு நாற்காலி போட்டாளா, வேலி போட்டாளா என்று பதினாலு வருஷமாக யோசிக்கிறேன். இரண்டும் சேர்ந்துதான் இருக்கும். அவள் இடத்தில் நான் இருந்திருந்தால் கோப்பையை எடுத்து எறிந்திருப்பேன்.

திரும்பி வரும்போது தியாகு விசிலடிக்கவில்லை. வெகு தூரம் வந்த பிறகு சாலையைப் பார்த்துக்கொண்டே, "நான் வெளையாட்டுக்குப் பேசறேன்னு உனக்குத் தெரியும்னு நெனச்சேன்" என்றான்.

"தெரியும்" என்றேன்.

"அப்ப சரி."

அதற்கு மேல் அவன் கேட்கவில்லை. கேட்காததிலிருந்தே அவனுக்கு எல்லாம் தெரியும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த வீட்டில் சிரித்தது என்னைக் காப்பாற்றத்தானா, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளவா, அல்லது உண்மையாகவே தப்பான இடத்தில் போட்டுவிட்டேன் என்று நம்பினானா என்று நான் இன்றுவரை கேட்டதில்லை. என்னை அவனுக்குக் கொஞ்சம் பிடித்துத்தான் இருந்தது என்று இப்போது தோன்றுகிறது. ஆனால் என்னைப் பிடித்ததைவிட, எனக்கு அவனைப் பிடித்திருந்தது அவனுக்கு அதிகம் பிடித்திருந்தது. எனக்கும் அதே கணக்குதான். சும்மா இருவரும் ஒருவர் கண்ணில் ஒருவர் அழகு பார்த்துக்கொண்டிருந்தோம், ஐம்பது மைல் தள்ளி ஒரு பெண் கல்யாணத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தாள். அதை நினைத்தால்தான் எனக்கு இன்றும் வெட்கமாக இருக்கிறது, கார்டை நினைத்தால் இல்லை.

திங்கட்கிழமை தவுக்கேயிடம் விஷயத்தைச் சொன்னேன். முழுவதும் இல்லை, எழுத்துப்பிழை என்று மட்டும். அவர் நாங்கள் திருப்பிக் கொண்டுவந்த கட்டைத் தட்டிப் பார்த்து, என் முகத்தையும் பார்த்து, "சாயாங்லா" என்றார். அந்தச் சொல்லின் இரண்டாவது பொருள் எனக்கு அன்றுதான் முழுசாகப் புரிந்தது. காகிதத்தை வீணாக்க மனம் வராமல், அவர் அந்தக் கார்டுகளை நாலாக வெட்டித் தொலைபேசிக் குறிப்புச் சீட்டாக்கிவிட்டார். வெட்டியது தியாகு. அடுத்த இரண்டு வருஷம், யார் என்ன எழுதிக் கொடுத்தாலும் பின்பக்கம் புரட்டினால் எனக்குக் கல்யாணம் ஆகிக்கொண்டிருக்கும்.

முகூர்த்தத்தன்று நான் அந்தத் தட்டுப் புடவையைத்தான் கட்டினேன். தியாகு இரண்டு முடிச்சுப் போட்டுவிட்டுக் கையை எடுத்தான். நான் குனிந்தேன். யோகேஸ்வரியின் கழுத்தில் வியர்வை, மல்லிகை, மஞ்சள் கயிற்றின் ஈரம். ஒரு வேலையாவது ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்ற வெறியில் என் பலமெல்லாம் சேர்த்து இழுத்துக் கட்டினேன். "போதும் கோமளா" என்று அவள் மூச்சுக்குள் சொன்னது எனக்கு மட்டும் கேட்டது.

கொஞ்ச நாள் கழித்துத் தாலியைச் சங்கிலியில் மாற்றிக் கோக்க உட்கார்ந்தபோது, முதல் இரண்டு முடிச்சும் விரல் பட்டதும் அவிழ்ந்தனவாம். என் முடிச்சு அவிழவில்லை. கயிற்றை வெட்டவும் கூடாது. யோகேஸ்வரியின் அம்மா கொண்டை ஊசியை வைத்து முயன்று, தியாகு முயன்று, கடைசியில் அவளுடைய அப்பா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அரை மணி நேரம் போராடிப் பிரித்தாராம். அன்றிலிருந்து அந்த வீட்டில் எது திறக்காவிட்டாலும், பூட்டோ பெட்டியோ, அதற்குப் பெயர் கோமளா முடிச்சு.

தீபாவளிக்குத் தீபாவளி அவர்கள் வீட்டுக்குப் போகிறோம். போன முறை ஊறுகாய்ப் போத்தலின் மூடி திறக்கவில்லை. என்னை அத்தை என்று கூப்பிடும் அவர்களுடைய மகள் சமையலறையிலிருந்து, "அம்மா, இது அத்தை முடிச்சு" என்று கத்தினாள். தியாகு கை கழுவிக்கொண்டே, பக்கத்து வீட்டு அம்மா, பலகாரம் கொண்டுவந்த பையன், எல்லோரையும் சாயாங் போட்டு உபசரித்துக்கொண்டிருந்தான். அந்த வரிசையில் இப்போது நான் இல்லை. சித்தியவானிலிருந்து திரும்பிய நாளிலிருந்து அவன் என்னைப் பெயர் சொல்லித்தான் கூப்பிடுகிறான், அதைச் சொல்லிக்கொடுத்தது யோகேஸாக இருக்கலாம்.

யோகேஸ் போத்தலை என்னிடம் நீட்டினாள். நானும் திருகிப் பார்த்தேன், அசையவில்லை. ஹாலில் உட்கார்ந்திருந்த என் கணவர், கல்யாணமாகிப் பத்து வருஷத்தில் ஒரு தடவைகூட என்னைச் சாயாங் என்றோ வேறு செல்லப் பெயராலோ கூப்பிட்டு அறியாதவர், தலையைத் திருப்பாமல், "கோமளா, இங்க கொண்டா" என்றார்.

யோகேஸ் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் போத்தலை எடுத்துக்கொண்டு போனேன்.